படகு எஞ்சின் பெல்ட் கீச்சிட்டால்: இறுக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

விடியற்காலையில் டீசல் எஞ்சினைத் தொடங்கியதும் “கீச்” என்று ஒரு சத்தம் எழுகிறது. இரண்டொரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. படகில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துகிறவர்களும் ஸ்பேனரை எடுத்து பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். சத்தம் நின்றுவிட்டதால் கோளாறும் போய்விட்டது என்று நினைக்கிறோம்.

என் மாமாவும் அப்படித்தான் நினைத்தார். தோட்டத்துப் பட்டறையில் பல வருடங்கள் வேலை செய்தவர். பணி ஓய்வுக்குப் பிறகு பாகான் டத்தோ பக்கம் நண்பர் ஒருவரோடு சேர்ந்து சிறிய மீன்பிடிப் படகு ஒன்றை வைத்திருந்தார். ஒரே மாதத்தில் மூன்று முறை பெல்ட்டை இறுக்கினார். நான்காவது முறை இறுக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. பேராக் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டியதும் தண்ணீர்ப் பம்பின் பேரிங் உடைந்து, பெல்ட் கழன்று விழுந்து, எஞ்சின் கொதித்துவிட்டது. கடல் வற்றிக்கொண்டிருந்த நேரம். நங்கூரம் போட்டுவிட்டு, வேறு படகு வந்து இழுத்துப் போகும்வரை இருவரும் வெயிலில் காத்திருந்தார்கள். பிடித்த மீனும் கெட்டது, அன்றைய வருமானமும் போனது. பெல்ட் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த செய்தி அந்தப் பேரிங்கைப் பற்றியது. ஒவ்வொரு முறை இறுக்கியபோதும் அதன் மேல் சுமை கூடியிருக்கிறது.

ஆகவே இந்தக் கட்டுரை வலியுறுத்துவது ஒன்றுதான்: வழுக்கும் பெல்ட்டை இறுக்குவதற்கு முன் அது ஏன் வழுக்குகிறது என்று கண்டுபிடியுங்கள். தோட்டத்தில் தண்ணீர்ப் பம்ப், தேங்காய் துருவும் இயந்திரம், புல்வெட்டி இவற்றைப் பழுதுபார்த்துப் பழகிய கைகளுக்கு இது கடினமான வேலை அல்ல.

உங்கள் பெல்ட் எதைச் சுழற்றுகிறது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கரையில், படகு கட்டியிருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கடல் டீசல் எஞ்சின்களில் பொதுவாக மூன்று வகை உண்டு.

முதல் வகையில் பெல்ட் ஆல்டர்னேட்டரை மட்டும் சுழற்றும். கடல் தண்ணீரை இழுக்கும் பம்ப் பல்சக்கரத்தின் மூலம் தனியாக ஓடும். இங்கே பெல்ட் அறுந்தால் பேட்டரிக்கு மின்சாரம் ஏறாது, ஆனால் பழைய பாணி டீசல் எஞ்சின் தொடர்ந்து ஓடும்.

இரண்டாவது வகையில் ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டரையும், எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்பையும் சேர்த்துச் சுழற்றும். லோரி எஞ்சினைப் படகுக்கு மாற்றிப் பொருத்தியிருந்தால் பெரும்பாலும் இந்த அமைப்புதான் இருக்கும். பெல்ட் அறுந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாவது வகையில் கடல் தண்ணீர்ப் பம்புக்கென்று தனியாக ஒரு சிறிய பெல்ட் இருக்கும். இதுதான் அதிக ஆபத்தானது. புகைக் குழாயில் கடல் தண்ணீரைக் கலந்து குளிரவைக்கும் படகுகளில், தண்ணீர் நின்றதும் சூடான புகை நேரே ரப்பர் குழாயில் போகும். குழாய் உருகி ஓட்டை விழுந்தால் புகையும் தண்ணீரும் படகுக்குள்ளேயே வரும்.

சில சிறு படகுகளில் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் சக்தி இரண்டு அல்லது மூன்று பெல்ட்டுகளின் வழியாகவே விசிறிக்குப் போகிறது. அங்கே பெல்ட் வழுக்கினால் எஞ்சின் இரையும், ஆனால் படகு நகராது.

பெல்ட் எப்படிப் பிடிக்கிறது?

இந்த எஞ்சின்களில் பெரும்பாலும் இருப்பது ‘வி’ வடிவ பெல்ட். அதன் அடிப்பக்கம் புல்லியின் பள்ளத்தைத் தொடக் கூடாது. இரண்டு பக்கச் சுவர்களும் ஆப்பு இறங்குவதுபோல் பள்ளத்துக்குள் இறுகி, அந்த இறுக்கத்தில்தான் பிடிப்புக் கிடைக்கிறது. பெல்ட் தேய்ந்து மெலிந்தால் பள்ளத்தில் ஆழமாக இறங்கி அடித்தளத்தைத் தொட்டுவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பக்கங்களுக்குப் பிடிப்பு வராது.

வழுக்கல் தானாகவே வளரக்கூடியது. பெல்ட் வழுக்கும்போது உராய்வினால் சூடாகிறது. சூட்டில் ரப்பரின் பக்கங்கள் கெட்டியாகிக் கண்ணாடிபோல் பளபளக்கின்றன. பளபளத்த பக்கம் மேலும் வழுக்குகிறது. அதனால்தான் இன்று ஒரு நிமிடம் கேட்ட சத்தம் அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கேட்கிறது.

எந்த அறிகுறி எதைச் சொல்கிறது?

எஞ்சின் தொடங்கியதும் கீச்சிட்டு, சில நிமிடங்களில் அடங்கினால்: தொடக்க மோட்டார் பேட்டரியிலிருந்து இழுத்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் திருப்பி நிரப்புகிறது. அந்தச் சில நிமிடங்கள்தான் பெல்ட்டின் மேல் சுமை அதிகம். அந்தச் சுமையைத் தாங்க முடியாத அளவுக்குப் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது.

விளக்குகளையும் மீன் தேடும் கருவியையும் போட்டதும் சத்தம் வந்தால்: இதுவும் சுமைக் கோளாறுதான். 12 வோல்ட் அமைப்பில் 35 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டர் முழு அளவில் வேலை செய்தால் சுமார் 500 வாட் மின்சாரம் தருகிறது. வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் எஞ்சினிலிருந்து ஏறக்குறைய ஒரு குதிரைத்திறனை பெல்ட் இழுத்துக் கொடுக்க வேண்டும். பழைய ஆல்டர்னேட்டருக்குப் பதிலாகப் பெரியதைப் பொருத்திவிட்டு அதே மெல்லிய பெல்ட்டை வைத்திருந்தால் சத்தம் வரத்தான் செய்யும். 13 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒற்றை பெல்ட்டுக்குச் சுமார் 100 ஆம்பியர்தான் எல்லை என்பது பொதுவான கணக்கு. 10 மில்லிமீட்டர் பெல்ட் அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும்.

புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தால்: பெல்ட் அரைபடுகிறது. கொஞ்சம் தூள் வருவது இயல்பு. துடைத்த சில நாட்களிலேயே மறுபடியும் கையில் ஒட்டும் அளவுக்கு வந்தால் புல்லி துருப்பிடித்திருக்கிறது அல்லது நேர்க்கோட்டில் இல்லை.

சத்தம் இல்லாமலே பேட்டரி இறங்கினாலும் வெப்பமானி மெல்ல ஏறினாலும்: பெல்ட் சத்தமின்றியும் வழுக்கும். குறிப்பாக எண்ணெய் பட்ட பெல்ட் கீச்சிடாது. எஞ்சினை நிறுத்தியவுடன் ஆல்டர்னேட்டர் புல்லியின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வழக்கத்தைவிட அனல் அடித்தால் அங்கே வழுக்கல் நடக்கிறது.

கை வைப்பதற்கு முன்

எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியின் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் உள்ள தடித்த கம்பியில், எஞ்சின் நின்றிருந்தாலும் பேட்டரியின் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அந்த முனையையும் எஞ்சினையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும், கையும் சுடும். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தச் சுவிட்சை அணைக்கவே கூடாது. ஆல்டர்னேட்டரின் உள்ளே இருக்கும் டயோடுகள் அந்தக் கணமே எரிந்துபோகலாம்.

சாரோங், தளர்ந்த சட்டைக் கை, கழுத்துத் துண்டு எதுவும் எஞ்சின் அறைக்குள் வேண்டாம். கையில் மோதிரம், காப்பு, கயிறு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

இறுக்குவதற்கு முன் ஆறு கேள்விகள்

1. பெல்ட்டே நல்ல நிலையில் இருக்கிறதா? டார்ச் லைட் அடித்து முழுச் சுற்றையும் பாருங்கள். அடிப்பக்கத்தை வளைத்தால் வெடிப்புத் தெரிகிறதா? ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா? பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னுகின்றனவா? பெல்ட்டின் மேல்பகுதி புல்லியின் விளிம்போடு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். உள்ளே அமிழ்ந்திருந்தாலோ, புல்லிப் பள்ளத்தின் அடித்தளம் தேய்ந்து பளிச்சென்று மின்னினாலோ அந்தப் பெல்ட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இறுக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

2. எண்ணெயோ டீசலோ பட்டிருக்கிறதா? எண்ணெய் குடித்த ரப்பர் உப்பி, மிருதுவாகி, வழுக்கும். மேலோட்டமாகப் பட்டிருந்தால் சவுக்காரத் தண்ணீரில் துடைக்கலாம். ஊறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதோடு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். எஞ்சினின் முன்பக்கச் சீல் கசிந்தால் புதுப் பெல்ட்டும் ஒரு மாதத்தில் பழைய கதைதான்.

3. புல்லிகள் துருப்பிடித்திருக்கின்றனவா? உப்புக் காற்றில் நிற்கும் படகுகளில் இது சாதாரணம். சில வாரங்கள் ஓடாமல் கிடந்த எஞ்சினில் பெல்ட் படாத பகுதி துருவேறிவிடும். துருப்பிடித்த புல்லி உப்புத்தாள்போல் பெல்ட்டை அரைத்துத் தள்ளும். மேல் துருவை மெல்லிய உப்புத்தாளால் சுற்றிலும் ஒரே சீராகத் தேய்த்து எடுங்கள். பெல்ட் படும் பக்கங்களுக்குச் சாயம் பூச வேண்டாம், உரிந்து வந்து வழுக்கலைக் கூட்டும். துரு குழிகுழியாக அரித்திருந்தாலும், பள்ளத்தின் பக்கச் சுவர்கள் கிண்ணம்போல் உள்வாங்கித் தேய்ந்திருந்தாலும் புல்லியையே மாற்ற வேண்டும்.

4. எல்லாப் புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா? நேரான இரும்புச் சட்டம் ஒன்றைப் புல்லிகளின் முகப்பில் பொருத்திப் பாருங்கள். சட்டம் இல்லையென்றால் இழுத்துப் பிடித்த நூலே போதும். புல்லிகளின் விளிம்புத் தடிமன் வேறுபட்டால் முகப்பைக் கணக்கில் எடுக்காமல் பள்ளத்தின் நடுவை ஒப்பிடுங்கள். இரண்டு புல்லிகளுக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர் என்றால் விலகல் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கோணலாக இருந்தால் பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். ஆல்டர்னேட்டர் தாங்கியில் வாஷர் விட்டுப்போயிருக்கலாம், தாங்கியே விரிசல் விட்டிருக்கலாம்.

5. பேரிங்குகள் நன்றாக இருக்கின்றனவா? பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். சத்தமின்றி, வழவழவென்று சுற்ற வேண்டும். கரகரத்தாலும், இடையில் சிக்கினாலும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடினாலும் அந்தப் பேரிங் போய்விட்டது. தண்ணீர்ப் பம்பின் அடியில் சிறு துவாரம் ஒன்று இருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது, அடுத்து போகப்போவது பேரிங். என் மாமாவின் படகில் விட்டுப்போன சோதனை இதுதான். இரண்டு நிமிட வேலை.

6. தாங்கிகளும் போல்ட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா? டீசல் எஞ்சினின் அதிர்வில் போல்ட் தளர்வது வழக்கம். நேற்றுச் சரியாக இருந்த இறுக்கம் இன்று போய்விட்டதென்றால் பெல்ட்டைக் குறை சொல்வதற்கு முன் ஆல்டர்னேட்டரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

இந்த ஆறும் சரியாக இருந்து, பெல்ட் வெறுமனே தளர்ந்திருந்தால் மட்டுமே இறுக்குவது தீர்வாகும்.

எவ்வளவு இறுக்கம் சரி?

மிக நீளமான இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக, ஏறக்குறைய 10 கிலோ அழுத்தம் வரும்படி அழுத்துங்கள். சிறிய எஞ்சின்களில் சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே போனால் பொதுவாகச் சரியான இறுக்கம். உங்கள் எஞ்சினின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அளவு தெரியாத இடத்தில் இன்னொரு சோதனை உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் திருப்பிப் பாருங்கள். பெல்ட் நகராமல் புல்லி மட்டும் வழுக்கித் திரும்பினால் இறுக்கம் போதாது.

தளர்ந்தால் வழுக்கும், அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் சாகும். ஒரு பெல்ட்டின் விலையை மிச்சப்படுத்த நினைத்துப் பம்பையோ ஆல்டர்னேட்டரையோ பலி கொடுக்கக் கூடாது. சத்தம் நிற்கும்வரை இறுக்குவது என்பது அளவே அல்ல.

ஆல்டர்னேட்டரை நகர்த்தி இறுக்கும் முறை

ஆல்டர்னேட்டரை இரண்டு இடங்களில் போல்ட் பிடித்திருக்கும். கீழே அது ஊஞ்சல்போல் ஆடும் அச்சு போல்ட், மேலே நீளத் துளையுள்ள பட்டையில் இறுக்கும் போல்ட். இரண்டையும் சற்றுத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். உறுதியான மரக்கட்டை ஒன்றை நெம்புகோலாக வைத்து, ஆல்டர்னேட்டரின் முன்பக்க உலோகப் பகுதியில் கொடுத்து வெளியே தள்ளுங்கள். பின்பக்கத்திலோ நடு உடம்பிலோ இரும்புக் கம்பியால் நெம்பினால் கூடு விரிசல் விடும். தேவையான இறுக்கம் வந்ததும் முதலில் மேல் போல்ட்டை இறுக்குங்கள், பிறகு கீழே உள்ள அச்சு போல்ட். மறுபடியும் கட்டைவிரல் சோதனை செய்யுங்கள். போல்ட் இறுகும்போது அளவு மாறிவிடுவது உண்டு.

கடல் தண்ணீர்ப் பம்பின் தனி பெல்ட்டுக்குச் சில எஞ்சின்களில் பம்பையே நீளத் துளையில் நகர்த்த வேண்டும். வேறு சிலவற்றில் புல்லி இரண்டு தட்டுகளாகப் பிரியும், நடுவே மெல்லிய வளையங்கள் இருக்கும். நடுவிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தால் தட்டுகள் நெருங்கிப் பெல்ட் மேலே ஏறி இறுகும். எடுத்த வளையத்தைத் தூக்கிப் போடாமல் வெளிப்பக்கத்தில் அதே போல்ட்டிலேயே மாட்டி வையுங்கள், அடுத்த புதுப் பெல்ட்டுக்கு அது வேண்டும்.

பம்பைத் திறக்க வேண்டி வந்தால் கடல் தண்ணீர் வால்வை முதலில் மூடுங்கள். மூடியதும் எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். வால்வைத் திறக்க மறந்துவிட்டு எஞ்சினைத் தொடங்கும் தவறு அதன் பிறகு நடக்காது.

பல் வைத்த டைமிங் பெல்ட் இதில் சேராது. அது எஞ்சினின் உள் அசைவுகளை ஒன்றோடொன்று பொருத்தி வைப்பது. பல் ஒன்று தவறினாலும் வால்வுகள் உடையலாம். அதில் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். புதிய எஞ்சின்களில் உள்ள பல கோடுகள் ஓடும் தட்டையான பெல்ட்டுக்கும் மேலே சொன்ன கட்டைவிரல் அளவு பொருந்தாது.

புதுப் பெல்ட் மாற்றும்போது

முன்பக்கத்தில் இன்னொரு பெல்ட் இருந்தால் அதை முதலில் கழற்ற வேண்டியிருக்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்பப் பொருத்தும்போது குழப்பம் வராது. ஆல்டர்னேட்டரை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டுப் புதுப் பெல்ட்டைக் கையாலேயே மாட்டுங்கள். திருப்புளியால் நெம்பிப் புல்லி மேல் ஏற்ற வேண்டாம். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும் பலம் தரும் நூல்கள் அறுந்திருக்கும். அப்படி மாட்டிய பெல்ட் சில நாட்களிலேயே அறுந்துபோகும்.

இரண்டு பெல்ட்டுகள் ஜோடியாக ஓடும் இடத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே தயாரிப்பில் மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் முழுச் சுமையும் புதியதன் தலையில் விழும்.

புதுப் பெல்ட் முதலில் கொஞ்சம் நீண்டு, பள்ளத்தில் பதிந்து உட்காரும். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தி இறுக்கத்தைப் பாருங்கள். அடுத்த சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மீண்டும் பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைப் பலரும் செய்வதில்லை. புதுப் பெல்ட்டும் கீச்சிடுகிறது என்று கடைக்காரரிடம் குறை சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுவே.

கடையில் எப்படிக் கேட்பது?

உதிரிபாகக் கடையில் “தாலி கிப்பாஸ்” என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் சரியான அளவு கிடைக்க எண் வேண்டும். பழைய பெல்ட்டின் முதுகில் எண் அழிவதற்கு முன்பே எழுதி, எஞ்சின் அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

‘ஏ-38’ என்று இருந்தால், ‘ஏ’ என்பது மேல் அகலம் 13 மில்லிமீட்டர் உள்ள வகை, 38 என்பது உள் சுற்றளவு அங்குலத்தில், அதாவது சுமார் 965 மில்லிமீட்டர். ‘பி’ வகையின் மேல் அகலம் 17 மில்லிமீட்டர். ‘13 x 1000’ என்பது போல இருந்தால் முதல் எண் அகலம், இரண்டாவது நீளம், இரண்டுமே மில்லிமீட்டரில். அதனருகே ‘எல்-ஐ’ என்ற எழுத்துகள் இருந்தால் அந்த நீளம் உள் சுற்று, ‘எல்-ஏ’ என்றால் வெளிச் சுற்று. ‘ஏ’ வகை பெல்ட்டில் இரண்டுக்கும் சுமார் 50 மில்லிமீட்டர் வித்தியாசம் உண்டு. இதைக் கவனிக்காமல் வாங்கிய பெல்ட் ஒன்று மாட்டவே முடியாது, இல்லையென்றால் இறுகவே இறுகாது.

எண் அழிந்துவிட்டால் பழைய பெல்ட்டை அளந்து அதே நீளத்தில் வாங்காதீர்கள், அது ஏற்கெனவே நீண்டுபோனது. ஆல்டர்னேட்டரை நகர்த்தும் துளையின் நடுவில் வைத்து, புல்லிகளைச் சுற்றி ஒரு நூல் ஓட்டி அளவெடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். அகலத்தைப் புல்லியின் பள்ளத்திலிருந்து அளக்க வேண்டும். சிறிய புல்லிகளுக்கு, அடிப்பக்கம் பல்போல் வெட்டிய வி-பெல்ட் நல்லது. அது எளிதாக வளையும், சூடும் குறைவு. வீட்டுச் சலவை இயந்திரம் போன்றவற்றுக்கான மெல்லிய பெல்ட் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் எஞ்சினுக்கு ஆகாது.

பவுடர், சவுக்காரம், மெழுகு

கீச்சும் பெல்ட்டில் சவுக்காரக் கட்டியையோ மெழுகுவர்த்தியையோ தேய்ப்பது பழைய வழக்கம். பெல்ட்டுக்கென்றே விற்கும் ஒட்டும் திரவங்களும் உண்டு. இவை சத்தத்தை அடக்கும், கோளாறை அடக்காது. ஒட்டும் திரவத்தில் தூசியும் உப்பும் சேர்ந்து பள்ளத்தில் கட்டியாகிவிடும். துருவுக்கு அடிக்கும் ஊடுருவும் எண்ணெயைப் பெல்ட்டில் அடிப்பது இன்னும் மோசம். கீச்சுச் சத்தம் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டுக் கடலுக்குப் போவது புத்திசாலித்தனம் அல்ல.

கடலில் அறுந்துவிட்டால்

சார்ஜ் விளக்கு எரிந்தாலும், வெப்பமானி திடீரென ஏறினாலும், புகைக் குழாயில் தண்ணீர் வருவது நின்று வெள்ளை ஆவி கிளம்பினாலும் உடனே வேகத்தைக் குறையுங்கள். படகுப் போக்குவரத்து உள்ள இடமாக இருந்தால் ஓரமாக ஒதுங்கிவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். முதல் வேலை நங்கூரம் போடுவது, இரண்டாவது வேலைதான் எஞ்சின் மூடியைத் திறப்பது. பேராக், சிலாங்கூர் கரையோரங்களில் கடல் வற்றும்போது சேற்றுத் திட்டில் படகு தட்டி நிற்பது எளிது. பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போது நீரோட்டம் படகை எங்கே கொண்டுபோகிறது என்பது தெரியாது.

ஆல்டர்னேட்டரை மட்டும் சுழற்றும் பெல்ட் என்றால், அறுந்த துண்டுகளை எடுத்துவிட்டு, தேவையில்லாத விளக்குகளை அணைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பலாம். எஞ்சினை வழியில் நிறுத்த வேண்டாம், மறுபடி தொடங்கப் பேட்டரியில் மின்சாரம் இல்லாமல் போகலாம். தண்ணீர்ப் பம்பைச் சுழற்றும் பெல்ட் என்றால் மாற்றுப் பெல்ட் போடாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள். கொதித்த எஞ்சினின் தண்ணீர் மூடியைச் சூடு ஆறும்வரை திறக்கக் கூடாது. பீறிட்டு வரும் கொதிநீர் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு விரிசல் விடலாம்.

கயிறு, பெண்கள் அணியும் நைலான் காலுறை இவற்றை முறுக்கிப் பெல்ட்டாகக் கட்டிய கதைகள் துறைகளில் உலவுகின்றன. மிக மெதுவான ஓட்டத்தில் கொஞ்ச நேரம் தாங்கினாலும் தாங்கலாம். அதை நம்பிப் புறப்படுவது வேறு.

உதவி தேவைப்பட்டால், கைபேசி எட்டும் தூரத்தில் 999 என்ற அவசர எண்ணை அழைக்கலாம். மலேசியக் கடல்சார் அமலாக்க முகமையும் அந்தச் சேவையில் இணைந்துள்ளது. கடல் வானொலி உள்ளவர்களுக்கு விஎச்எப் 16ஆம் அலைவரிசை. அழைக்கும்போது முதலில் இருப்பிடத்தையும் படகில் எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள். பாதுகாப்பு ஜாக்கெட்டை அப்போதே அணிந்துகொள்ளுங்கள்.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு இடத்துக்கும் சரியான அளவில் ஒரு புதுப் பெல்ட். அதை மடிக்காமல், வெயிலும் டீசலும் படாமல் பையில் கட்டி வையுங்கள். கழற்றிய பழைய பெல்ட்டை மாற்றுப் பெல்ட்டாக வைப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. கூடவே அந்த போல்ட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், நெம்ப ஒரு மரக்கட்டை, டார்ச் லைட், துணி, கடல் தண்ணீர்ப் பம்புக்கு மாற்று இம்பெல்லர். கரையில் படகு கட்டியிருக்கும்போது ஒருமுறை பெல்ட்டை மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள். எந்த ஸ்பேனர் நுழையும், எது நுழையாது என்பது அலையில் ஆடும் படகில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அல்ல.

புறப்படும் முன் எண்ணெய் பார்ப்பதுபோலப் பெல்ட்டையும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பின்னால் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பாருங்கள். மாதம் ஒருமுறை பெல்ட்டைத் தளர்த்திப் புல்லிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

மாமா இப்போதும் கடலுக்குப் போகிறார். புதுப் பம்ப் போட்டபிறகு பெல்ட் சத்தம் போடுவதில்லை. ஆனாலும் துறையில் வேறு யாருடைய எஞ்சின் கீச்சிட்டாலும் ஸ்பேனரை எடுக்க விடமாட்டார். “முதல்ல பெல்ட்டக் கழட்டிட்டுக் கையால சுத்திப் பாருப்பா” என்பார்.